ஆணியை நம்பாதே, கட்டையை நம்பு! (மீன் தொட்டிக்கு மர ஸ்டாண்டு செய்வது எப்படி?)



இந்தத் தாளைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் அப்படியே வலது பக்கம் திரும்பிப் பாருங்கள். ஆய்வகத்துக்கு வெளியே, வராண்டாவில் ஒரு மீன் தொட்டி இருக்கிறதல்லவா? எல்லோரும் மீனைத்தான் பார்க்கிறீர்கள். இன்று ஒரு நாள் மட்டும் மீனை விட்டுவிட்டு, தொட்டிக்குக் கீழே இருக்கும் மர ஸ்டாண்டைப் பாருங்கள். அதைச் செய்தது நான்தான். ஆனால் நீங்கள் பார்ப்பது இரண்டாவது ஸ்டாண்டு. முதல் ஸ்டாண்டு என்ன ஆனது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் கற்றுக்கொண்டதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

முதல் ஸ்டாண்டு

ஆய்வகத்தில் அந்தத் தொட்டி ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்தது. "வராண்டாவில் வைத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வந்து பார்ப்பார்கள். ஒரு ஸ்டாண்டுதான் வேண்டும்" என்றார் எங்கள் அறிவியல் ஆசிரியர். நான் உடனே எழுந்து, "நான் செய்யறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன் நான் செய்திருந்த மர வேலை ஒரே ஒரு புறாக் கூண்டு மட்டுமே!

பள்ளியின் பின்புறம் உடைந்த பெஞ்சுகள் கிடந்தன. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி அந்த மரத்தை எடுத்துக்கொண்டேன். நான்கு கால்களை வெட்டினேன். கால்களின் பக்கவாட்டில் சட்டங்களை வைத்து, மூலைக்கு இரண்டு ஆணி அடித்தேன். மேலே ஒரு பலகை. ஒரே நாளில் வேலை முடிந்தது. பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. "திங்கட்கிழமை கொண்டு வந்துடறேன் சார்" என்று ஆசிரியரிடம் சொல்லியும் விட்டேன்.

எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் தாத்தா என்றே கூப்பிடுவோம். சனிக்கிழமை மாலை அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார். பெருமையாக ஸ்டாண்டைக் காட்டினேன். அவர் கையால் லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு கனம் தாங்கணும் தம்பி?" என்று கேட்டார்.

"கனம் அதிகமில்ல தாத்தா. நானும் என் ஃபிரெண்டும் சேர்ந்து தூக்கிடுவோம்" என்றேன்.

தாத்தா சிரித்தார். "தண்ணி ஊத்தின பிறகு தூக்குவீங்களா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் இத்தனை நாளும் காலித் தொட்டியைத்தான் மனதில் வைத்திருந்தேன். நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

எடைக் கணக்கு

எங்கள் தொட்டியின் அளவு: நீளம் 75 செ.மீ., அகலம் 30 செ.மீ., உயரம் 40 செ.மீ.

கன அளவு = 75 × 30 × 40 = 90,000 கன செ.மீ.
1,000 கன செ.மீ. என்பது 1 லிட்டர். ஆகவே 90 லிட்டர்.
1 லிட்டர் தண்ணீரின் எடை 1 கிலோ. ஆகவே தண்ணீர் மட்டும் 90 கிலோ.

அடுத்தது கண்ணாடி. அடிப்பக்கம், நான்கு பக்கங்கள் எல்லாம் சேர்ந்து 10,650 சதுர செ.மீ. கண்ணாடியின் கனம் 6 மி.மீ., அதாவது 0.6 செ.மீ. பெருக்கினால் 6,390 கன செ.மீ. கண்ணாடி தண்ணீரைப் போல் இரண்டரை மடங்கு அடர்த்தி உள்ளது. ஆகவே சுமார் 16 கிலோ.

கூழாங்கல் 10 கிலோ.

மொத்தம் 116 கிலோ! தொட்டியை விளிம்பு வரை நிரப்ப மாட்டோம், கல் இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்காது, அதனால் உண்மையான எடை கொஞ்சம் குறையும். ஆனால் இந்த மாதிரி வேலையில் எடையைக் கூட்டித்தான் போட வேண்டும், குறைத்துப் போடக் கூடாது.

116 கிலோ என்றால் நம் வகுப்பில் மூன்று பேர் அந்த ஸ்டாண்டின் மேல் ஏறி நிற்பதற்குச் சமம். அதுவும் ஐந்து நிமிடம் அல்ல. இரவு பகலாக, வருடக்கணக்கில்.

செங்கல் சோதனை

"கணக்கு சரி. இப்ப தாங்குதான்னு பாரு" என்றார் தாத்தா. வீட்டில் மாடி கட்ட செங்கல் இறக்கியிருந்தார்கள். ஒரு கல்லை எடை போட்டால் சுமார் 3 கிலோ இருந்தது. மறுநாள் காலையில் ஸ்டாண்டின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கினேன். பத்து கல் வரை ஒன்றும் ஆகவில்லை. இருபதில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். இருபத்தாறாவது கல்லை வைத்தேன். இடது பக்கச் சட்டம் ஆணியோடு கீழே இறங்கியது. ஸ்டாண்டு முழுதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கல் எல்லாம் சரிந்தது. என் காலுக்கு அரை அடி தள்ளி விழுந்தது.

26 கல் என்றால் 78 கிலோ. அதாவது, தொட்டியில் பாதிக்குச் சற்று மேலே தண்ணீர் ஊற்றிய கணக்கு.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கல் விழுந்த இடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தால்? உடைந்த கண்ணாடியும் 50 லிட்டர் தண்ணீரும் அவர்கள் மேலேயே விழுந்திருக்கும். திங்கட்கிழமை ஆசிரியரிடம் போய், "இன்னும் தயாராகல சார். நான் செஞ்சது தப்பு" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "விழுந்தது எப்படின்னு எழுதி வை. திரும்பவும் செய்" என்றார். தாத்தாவும் கூட இருந்து சொல்லிக் கொடுத்தார். அவரிடம் நான் படித்த பாடங்கள் இவை.

பாடம் 1: எடை நேராகத் தரைக்குப் போக வேண்டும்

என் முதல் ஸ்டாண்டில் சட்டம் ஆணியில் தொங்கியது. 116 கிலோவையும் எட்டு ஆணிகள் தாங்க வேண்டியிருந்தது. ஆணி வளையும், துளை பெரிதாகும், மரம் பிளக்கும். "ஆணியை நம்பாதே தம்பி, கட்டையை நம்பு. ஆணி பிடிச்சுக்கத்தான், தாங்குறதுக்கு இல்ல" என்றார் தாத்தா.

இரண்டாவது ஸ்டாண்டில் ஒவ்வொரு காலின் தலையிலும் படி மாதிரி வெட்டினோம். சட்டம் அந்தப் படியில் உட்காருகிறது. இப்போது தொட்டியின் எடை பலகைக்கு, பலகையிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து காலுக்கு, காலிலிருந்து தரைக்கு நேராக இறங்குகிறது. நடுவில் ஆணிக்கு வேலையே இல்லை.

மரத்தின் நார் நெட்டுவாக்கில் ஓடுகிறது. ஒரு கட்டு ஈர்க்குச்சியை இறுக்கிக் கட்டி நிறுத்தி, மேலே அழுத்திப் பாருங்கள், எவ்வளவு பலம் என்று தெரியும். காலும் அப்படித்தான்.

பாடம் 2: சட்டத்தைப் படுக்க வைக்காதே, நிறுத்தி வை

உங்கள் ஸ்கேலை எடுங்கள். தட்டையாகப் பிடித்து அழுத்தினால் வளையும். விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் வளையாது. சட்டமும் அதே மாதிரிதான். 3 அங்குலம் × 1 அங்குலச் சட்டத்தைப் படுக்க வைப்பதைவிட நிறுத்தி வைத்தால், வளையாமல் தாங்கும் பலம் 9 மடங்கு. அதே மரம்தான், காசு கூடச் செலவில்லை!

பாடம் 3: முக்கோணம் ஆடாது

நான்கு ஈர்க்குச்சிகளை மூலையில் நூலால் கட்டிச் சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும். குறுக்கே மூலையிலிருந்து மூலைக்கு ஒரு குச்சியைக் கட்டுங்கள். இப்போது தள்ளிப் பாருங்கள், அசையாது. சதுரம் இரண்டு முக்கோணம் ஆகிவிட்டது. முக்கோணத்தின் பக்கங்கள் மாறாதவரை கோணமும் மாறாது என்று கணக்குப் பாடத்தில் படித்தது இதுதான். என் முதல் ஸ்டாண்டில் ஒரு குறுக்குக் கட்டைகூட இல்லை. அதனால்தான் பக்கவாட்டில் சாய்ந்தது.

தேவையான பொருட்கள்

கால்: 2 × 2 அங்குலம், 58 செ.மீ. நீளத்தில் 4
நெடுஞ்சட்டம்: 3 × 1 அங்குலம், 76 செ.மீ. நீளத்தில் 4 (மேலே 2, கீழே 2)
குறுக்குச் சட்டம்: முன் சட்டத்தையும் பின் சட்டத்தையும் இணைக்க, மேலே 3, கீழே 2
சாய்வுக் கட்டைக்கு ரீப்பர்
18 மி.மீ. பிளைவுட்: 76 × 32 செ.மீ. (தண்ணீர் படும் இடம் என்பதால் மெரைன் பிளைவுட் நல்லது. அதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 710)
மரப்பசை, 2 அங்குல ஸ்குரூ, உப்புத்தாள், பிரைமர், பெயிண்ட்
கருவிகள்: ரம்பம், உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, மூலைமட்டம், டேப், டிரில்

(ரம்பம், உளி, டிரில் மூன்றையும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடுங்கள். உளி போகும் பாதையில் கை இருக்கக் கூடாது.)

செய்முறை

1. நான்கு கால்களையும் சேர்த்து வைத்து, ஒரே நேரத்தில் மூலைமட்டத்தால் கோடு போடுங்கள். தனித்தனியே அளந்தால் ஒவ்வொன்றும் ஒரு நூல் கூடக் குறைய வரும். அப்புறம் ஸ்டாண்டு ஆடும்.

2. காலின் தலையில், வெளிப்பக்கமாக, 1 அங்குல ஆழமும் 3 அங்குல உயரமும் உள்ள படி வெட்டுங்கள். கோட்டுக்கு வெளியே ரம்பம் போடுங்கள். மிச்சத்தை உளியால் சீவுங்கள். அதிகம் வெட்டிவிட்டால் ஒட்ட வைக்க முடியாது! கீழ்ச் சட்டத்துக்கும் தரையிலிருந்து 10 செ.மீ. மேலே இதே அளவில் பள்ளம் எடுங்கள்.

3. பசை தடவி, நெடுஞ்சட்டங்களைப் படியில் உட்கார வையுங்கள். ஸ்குரூ போடும் முன் மெல்லிய துளை போட வேண்டும். நேராக முடுக்கினால் ஓரத்தில் மரம் பிளந்துவிடும். பிறகு குறுக்குச் சட்டங்களைப் பொருத்துங்கள்.

4. பசை காயும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் செவ்வகம். இல்லையென்றால் நீளமான மூலையைப் பிடித்து அழுத்திச் சரி செய்யுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

5. பின்பக்கத்திலும் இரண்டு பக்கவாட்டிலும் சாய்வுக் கட்டை கொடுங்கள். முன்பக்கம் திறந்திருக்கலாம். மேலே பிளைவுட்டை ஒட்டி முடுக்கிவிட்டால் முன்பக்கமும் ஆடாது.

6. உப்புத்தாள் போட்டு, பிரைமர் ஒரு கோட்டிங், பெயிண்ட் இரண்டு கோட்டிங் அடியுங்கள். காலின் அடிப்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். தரையில் சிந்தும் தண்ணீரை மரம் முதலில் அங்கேதான் குடிக்கும்.

பாடம் 4: மட்டம்

கண்ணாடி மரம் மாதிரி வளைந்து கொடுக்காது. அடியில் ஒரு மூலை தூக்கியிருந்தால் விரிசல் விடும். கொத்தனார்கள் வைத்திருக்கும் தெளிவான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் இரண்டு மூலைகளில் பிடித்தோம். குழாயின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் அல்லவா? வராண்டாவில் தண்ணீர் வழிந்தோட வாட்டம் விட்டிருக்கிறார்கள். அதனால் முன் கால்களுக்கு மெல்லிய கட்டை வைத்துச் சரி செய்தோம். பலகைக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு தெர்மாகோல் தாள் விரித்தோம். சின்னச் சின்ன மேடு பள்ளங்களை அது சமன் செய்துவிடும். கடைசியாக, யாராவது சாய்ந்தாலும் கவிழாமல் இருக்க, பின் சட்டத்தை இரண்டு இரும்பு ஆங்கிளால் சுவரோடு பிணைத்தோம்.

மறுபடியும் செங்கல்

வராண்டாவுக்குக் கொண்டு வரும் முன், வீட்டிலேயே 40 செங்கற்களை அடுக்கினேன். ஏழு வரிசை, 120 கிலோ. மேல் சட்டத்தின் அடியில் ஒரு நூலை இழுத்துக் கட்டினேன். சட்டம் தொய்ந்தால் நூலைத் தள்ளும் அல்லவா? மூன்று நாள் அப்படியே விட்டேன். தினமும் பள்ளி விட்டதும் ஓடிப்போய் நூலைத்தான் பார்ப்பேன். நூல் நகரவே இல்லை. நான்காம் நாள் தாத்தா வந்து கையால் ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கல்லை இறக்க அவரே ஒரு கை கொடுத்தார்.

தொட்டியில் முதலில் பாதி தண்ணீர்தான் ஊற்றினோம். ஒரு நாள் விட்டு, தண்ணீர் மட்டம் கண்ணாடி விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மீதியை ஊற்றினோம். அதற்கப்புறம்தான் மீன்.

நண்பர்களே, நாம் செய்யும் பொருளை நம்பி வேறு யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்கள் நம் ஆணியை எண்ணிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே நாம்தான் முதலில் எண்ண வேண்டும், எடை போட வேண்டும், கல் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டு விழுவதாக இருந்தால் செங்கல்லோடு விழட்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினால், தண்ணீரின் எடை மட்டும் எவ்வளவு? 3 கிலோ செங்கல் எத்தனை வைத்துச் சோதிக்க வேண்டும்? (கண்ணாடியையும் கல்லையும் மறந்துவிடாதீர்கள்!) விடை தெரிந்தவர்கள் இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வந்து சொல்லுங்கள்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்