நம்ம லைப்ரரியனும் ஒரு மாணவர்தான்!

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். உங்க காலேஜ் லைப்ரரி கம்ப்யூட்டர்ல ஒரு தமிழ்ப் புத்தகத்தின் பெயரைத் தமிழிலேயே டைப் பண்ணித் தேடிப் பாருங்க. கிடைச்சுதா?

பல இடங்கள்ல கிடைக்காது. புத்தகம் அலமாரியில பத்திரமா இருக்கும். ஆனா தலைப்பை ஆங்கில எழுத்துல ஏத்தியிருப்பாங்க. ‘ழ’ வந்தா ஒருத்தர் ‘இசட் ஹெச்’ போட்டிருப்பார், இன்னொருத்தர் ‘எல்’ போட்டிருப்பார். தேடினா வராத புத்தகம், நம்மைப் பொறுத்தவரை இல்லாத புத்தகம்தான். இதைச் சரிசெய்ய நூலகர் புதுசா சில விஷயங்களைக் கத்துக்கணும். அதை எங்கே கத்துக்கிறாங்க?

அன்று கப்பல், இன்று இணையம்

சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் ஒரு கணக்கு ஆசிரியர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அந்த வேலையைக் கற்க அதே வருஷம் கப்பலேறி லண்டன் போனார்.

இன்னைக்கு நூலகர்கள் ஊரை விட்டுப் போகாமலே படிக்கலாம். மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் நூலக அறிவியல் பாடங்கள் இருக்கு. வீடியோ, படிக்கும் பகுதி, சுயதேர்வு, சந்தேகம் கேட்கும் இடம் என நான்கு பகுதிகள். பாடம் இலவசம்; சான்றிதழ் வேணும்னா தேர்வுக்கு மட்டும் கட்டணம். மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில் ‘கோஹா’ என்ற நூலக மென்பொருளுக்கே தனி வரிசை இருக்கு.

கோஹா என்ன செய்யும்?

1999ல் நியூசிலாந்தில் எழுதத் தொடங்கி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் இது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. காசு கட்டாமல் யாரும் நிறுவலாம்.

இதில் புத்தக விவரங்கள் ‘மார்க் 21’ என்ற வடிவத்தில் சேமிக்கப்படும். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு எண்: 100 ஆசிரியர், 245 தலைப்பு, 650 பொருள். நம்ம தமிழ்ப் புத்தகச் சிக்கலுக்கும் வழி இங்கேயே இருக்கு. 245ல் தலைப்பைத் தமிழ் யூனிகோடில் எழுதி, ஆங்கில எழுத்து வடிவத்தை 246ல் மாற்றுத் தலைப்பாகச் சேர்த்துட்டா, ரெண்டு விதமா தேடினாலும் புத்தகம் வரும்.

நீங்க எங்கே வர்றீங்க?

நீச்சல் வீடியோ பார்த்தா நீந்த வராது, இதுவும் அப்படித்தான். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, கூடவே செஞ்சு பார்க்கணும். லைப்ரரி சர்வர்ல செஞ்சு பார்க்க நூலகருக்குப் பயம் இருக்கும். நியாயமான பயம்தான்! ஒரு தப்பு நடந்தா மொத்தப் பதிவும் போயிடும்.

இங்கேதான் உங்க படிப்பு உதவும். பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல விர்ச்சுவல் மெஷின் போடுங்க. அதில் டெபியனோ உபுண்டுவோ ஏத்தி, கோஹாவை நிறுவிக் கொடுங்க. இருபது தமிழ்ப் புத்தகங்களை எடுத்து, உங்க லைப்ரரியன் மேடம்கூட உட்கார்ந்து பதிவு பண்ணுங்க. லினக்ஸ் நீங்க சொல்லிக் கொடுங்க. எந்த விவரம் எந்த எண்ணுக்குள்ள போகணும்னு அவங்க சொல்லிக் கொடுப்பாங்க. உங்களுக்கு டேட்டாபேஸ் பாடம் புரியும், அவங்களுக்குக் கைப்பழக்கம் வரும்.

அப்புறம் முதல்ல சொன்ன டெஸ்ட்டை அந்த மெஷின்ல திரும்பப் பண்ணிப் பாருங்க. புத்தகம் வந்துட்டா, மெயின் சர்வருக்கு மாத்துறதைப் பத்தி தைரியமா பேச ஆரம்பிக்கலாம்.