அண்ணன் மகளுக்கு, இறால் டோஸ்ட் குறித்து

கொழிஞ்சாம்பாறை



ஜூலை மாதத்தில் உன் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் எட்டுப் பேரை மூணாற்று வீட்டுக்கு மாலைச் சிற்றுண்டிக்கு அழைத்திருப்பதாகவும், வழக்கமான வடை பஜ்ஜியை விட்டுவிட்டு, கொச்சி ஓட்டலில் நீங்கள் விரும்பிச் சாப்பிட்ட இறால் டோஸ்டை உன் கையாலேயே செய்து பரிமாற ஆசைப்படுவதாகவும், ஆனால் பரீட்சார்த்தமாகச் செய்து பார்த்ததில் ரொட்டி எண்ணெயைக் குடித்து, மேலே பூசிய விழுது கழன்று வாணலியில் மிதந்ததாகவும் எழுதியிருந்தாய். மாவின் அளவையும் மசாலாவின் அளவையும் மாத்திரம் என்னிடம் கேட்டிருக்கிறாய், கண்ணு. அவற்றைச் சொல்லுகிறேன், ஆனால் இந்தப் பதார்த்தத்தின் நன்மை தீமை அடுப்பில் நிச்சயமாவதைவிட மீன் கடையிலும் பேக்கரியிலும் நிச்சயமாவதே அதிகம் என்பதால், அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சீன தேசத்தின் தென்பகுதியில், குவாங்சோ வட்டாரத்து மக்கள், மேல்நாட்டாரோடு வந்து சேர்ந்த ரொட்டியின்மேல் தங்கள் கடல் இறாலை அரைத்துப் பூசிப் பொரித்த பலகாரம் இது. அங்கிருந்து ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்துக்குப் போய், ஹாத்தோஷி என்ற பெயரில், இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே விழுதை வைத்துப் பொரிக்கும் வடிவத்தில் அந்த ஊர் விருந்துகளில் இன்றும் இடம்பெறுகிறது. இரண்டும் துறைமுக ஊர்கள். காலையில் பிடித்த இறால் மாலையில் வாணலிக்கு வந்துவிடும். நீ இருப்பதோ ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், கொச்சியிலிருந்து கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி என்று மலைப்பாதை ஏறி வரும் வண்டி கொண்டுவந்தால்தான் மீன் என்ற ஊரில். அந்தப் பிரயாண தூரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் எந்தச் சமையல் குறிப்பையும் நீ கைக்கொள்ளக் கூடாது.

நீ குறித்திருக்கும் மாதத்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது. கேரளக் கடலில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, 52 நாள், விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்பது சட்டம்; நாட்டுப் படகுகள் கொண்டுவருவது மாத்திரமே அப்போது கிடைக்கும். ஆனால் தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் தடை ஜூன் 14-உடன் முடிந்துவிடுவதால், தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கத்து மீன் ஜூலையில் நம் எல்லைச் சந்தைகளுக்கு வரும். இவை தவிர, குளங்களில் வளர்க்கும் வனாமி இறால் வருஷம் முழுவதும் உண்டு. ஆகவே கடைக்காரரிடம் செம்மீன் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் கரையிலிருந்து வந்தது, என்றைக்கு ஐஸில் போட்டது என்று கேள். பூவாலன் என்ற இறால் வகை கிடைத்தால் அதையே வாங்கு. உருவத்தில் சிறியது, விலையிலும் குறைவு, அரைப்பதற்கு அதுவே போதும். நாரன் இறால் இன்னும் ருசி. ஆனால் கொத்தி விழுதாக்கப் போகிற பண்டத்துக்குப் பெரிய காரா இறாலை வாங்கிப் பணத்தை விரயம் செய்வதில் எனக்குச் சம்மதமில்லை.

இறாலைக் கையில் எடுத்துப் பார். தலை உடலோடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். லேசாகத் தொட்டதுமே தலை தொங்கினால், அல்லது தலையின் ஓரத்திலும் வாலின் நுனியிலும் கறுப்புப் படிந்திருந்தால், அது வெகு நேரம் காத்துக் கிடந்த சரக்கு. ஓடு பளபளவென்று சதையோடு ஒட்டியிருக்கும். முகர்ந்தால் கடல் வாசனை வர வேண்டுமே தவிர, மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி வரக் கூடாது. நெடி சிறிதாக இருந்தால் இஞ்சியும் மிளகும் மறைத்துவிடும் என்று கடைக்காரர் சொல்லுவார், கேளாதே. விருந்தாளியின் வயிற்றுக்குள் போகிற பொருளில் மசாலாவை மறைப்புத் துணியாக உபயோகிப்பது உபசாரமாகாது. 2018 ஜூன் மாதத்தில், நமக்குப் பக்கத்து வாளையார் சோதனைச் சாவடியில், ஃபார்மலின் கலந்த சரக்கு டன் கணக்கில் பிடிபட்டதை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. பிணத்தைக் கெடாமல் வைக்கிற திராவகத்தை உணவில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு நாம் கண்ணாரக் கண்டோம். கொச்சியில் 1957-இல் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், அம்மோனியாவையும் ஃபார்மலினையும் சில நிமிஷங்களில் காட்டிக்கொடுக்கும் காகிதத் துண்டுச் சோதனையை உருவாக்கியது அந்த மனிதர்களை உத்தேசித்துத்தான். அன்றைய தினம் நல்ல இறால் அகப்படாவிட்டால், உயிரோடு பிடித்த நன்னீர் ஜிலேபி மீனை முள் நீக்கி இதே முறையில் செய். ருசி வேறாக இருக்கும், கௌரவம் குறையாது.

இனி ரொட்டி. அங்கே பேக்கரிகளில் சாதாரணமாகக் கிடைப்பது இனிப்பு ரொட்டி. அதிலுள்ள சர்க்கரை, இறால் வேகுமுன் ரொட்டியைக் கருக்கிவிடும். இனிப்பில்லாத ரொட்டியைக் கேட்டு வாங்கி, ஒரு நாள் வைத்திருந்து, ஓரங்களைச் சீவிவிடு. ஜூலை மழையில் உன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வருமே, அந்த ஈரத்தில் நாள்பட்ட ரொட்டிகூட நமுத்துவிடும். ஆகையால் துண்டுகளைத் தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில், நிறம் மாறாமல், இருபுறமும் உலர்த்தி எடு. ஈரமான ரொட்டிதான் எண்ணெயைக் குடிக்கிறது.

உரித்த இறால் கால் கிலோ வேண்டும். தலையும் ஓடும் கழிந்தால் பாதிதான் மிஞ்சும் என்பதால் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாகவே வாங்கு. முதுகைக் கீறிக் குடலை எடுத்து, கழுவி, சுத்தமான துணியில் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்துவிடு. விழுது கழன்றதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஈரமும், விழுது சரியாகப் பிணையாமல் போனதுந்தான். மிக்ஸியைத் தொடாதே, அதன் சூட்டில் விழுது பிணையும் சக்தியை இழந்துவிடும். கத்தியால் பாதியை நைய நறுக்கி, மீதியைச் சிறு துண்டுகளாகவே வைத்துக்கொண்டால்தான் கடிக்கும்போது இறால் இறாலாகத் தெரியும். அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு ஒரே திசையில் கையால் பிசைந்து, பாத்திரத்தின் பக்கத்தில் ஓங்கி அறைந்து அறைந்து சேர்; உப்பு இறாலின் புரதத்தை வெளியே இழுக்க, சிறிது நேரத்தில் விழுது விரல்களில் பசைபோல் ஒட்டத் தொடங்கும். அதன்பிறகே ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு மேஜைக்கரண்டி சோளமாவு, பொடியாய் அரிந்த இஞ்சி, பிழிந்தெடுத்த சின்ன வெங்காயம், உங்கள் ஜில்லா மிளகு, ஒரு காந்தாரி மிளகாய் எல்லாம் சேர்க்க வேண்டும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வை. பிறகு ஆறு ரொட்டித் துண்டுகளில், நடுவில் சற்று உயர்ந்தும் ஓரத்தில் விளிம்பு வரை அழுந்தியும் இருக்கும்படி தடவி, வெள்ளை எள்ளில் ஒற்றி, முக்கோணமாக நான்காக வெட்டினால் இருபத்துநான்கு வரும். இவ்வளவையும் காலையிலேயே முடித்து மூடிக் குளிரில் வைத்துவிட்டால், மாலையில் பொரிக்கும் வேலை ஒன்றுதான் மிச்சம். விருந்தினர் கூடத்தில் தனியே உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரி அடுக்களையில் வியர்த்து நிற்கும் அவலம் நேராது.

பொரிப்பதில் உன் மலைக்கென்று ஒரு நியாயம் உண்டு. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், பண்டத்தின் உள்ளே வேக்காடு மெதுவாக நடக்கும். எண்ணெயோ எங்கும் போலவே மேல்புறத்தைச் சிவக்கவைக்கும். கொழிஞ்சாம்பாறையில் நான் வைக்கும் தீயை நீ அங்கே வைத்தால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருக்கும். கடலை எண்ணெயை இரண்டு அங்குல ஆழம் ஊற்றிக் காயவைத்து, ஒரு ரொட்டித் துணுக்கைப் போட்டுப் பார். முக்கால் நிமிஷத்தில் அது பொன்னிறமானால் பதம், அதற்குள் சிவந்தால் தீயைக் குறை. இறால் பக்கம் கீழாக நாலைந்து துண்டுகளை மாத்திரம் விட்டு, இரண்டு நிமிஷம் பொறுத்து, திருப்பி அரை நிமிஷத்தில் எடுத்துவிடு. எடுத்ததைக் காகிதத்தில் அடுக்காமல் கம்பி வலையில் சாய்த்து நிறுத்து. காகிதத்தில் கிடந்தால் தன் ஆவியிலேயே நமுத்துப்போகும். முதல் துண்டைப் பிளந்து, இறால் கண்ணாடித்தன்மை நீங்கி வெளுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றைப் போடு.

ஓடுள்ள கடல் பிராணிகள் சிலர் உடம்புக்கு ஒவ்வாமல் மூச்சுத் திணறல்வரை கொண்டுபோய்விடும். அழைக்கும்போதே என்ன பலகாரம் என்று எல்லோருக்கும் சொல்லிவிடு. மரக்கறி மாத்திரம் உண்பவர் யாரும் வந்தால், அவர்களுக்கான பலகாரத்துக்குக் கத்தி, பலகை, எண்ணெய் மூன்றும் தனியாகவே இருக்கட்டும். ஒரே எண்ணெயில் பொரித்துவிட்டு வாய் மூடி இருப்பது நம்பினவருக்குச் செய்யும் துரோகம்.

தொட்டுக்கொள்ளப் புட்டியில் விற்கும் இனிப்புச் சாறு எதையும் வாங்காதே. பங்குனியில் முதலமடை மாங்காயில் போட்ட தொக்கு என்னிடம் இருக்கிறது. உடுமலை, மறையூர் வழியாக உன் தம்பி வரும்போது ஒரு ஜாடி கொடுத்தனுப்புகிறேன். அதில் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள். ஜாடியை ஈரக் கரண்டி படாமல் வை.

இப்படிக்கு,
உன் அத்தை