வயது ஏறினால் அறிவு குறையுமா?

"வயதாகிவிட்டது, அவருக்கு இனி இதெல்லாம் புரியாது" என்று முதியவர்களைப் பற்றிச் சிலர் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வங்கியில் படிவம் நிரப்பும்போதும், வீட்டுக்குப் புதிய கருவி ஒன்று வரும்போதும் இப்பேச்சு எழுவதுண்டு. இது உண்மைதானா? உண்மையென்றால் எந்த வயதில் இக்குறைவு தொடங்குகிறது? எல்லோருக்கும் ஒரே அளவில் நிகழ்கிறதா?

இவை உளவியல் துறையின் கேள்விகள். ஆனால் விடை தேடியவர்கள் சந்தித்த சிக்கலோ, இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் அன்றாடம் சந்திப்பதுதான். எதை அளக்கிறோம் என்று நினைக்கிறோமோ, அதைத்தான் உண்மையில் அளக்கிறோமா?

படைவீரர்களின் மதிப்பெண்கள்

முதல் உலகப்போரின்போது, 1917, 1918-ஆம் ஆண்டுகளில், அமெரிக்கப் படையில் சேர்ந்த ஏறத்தாழ 17 இலட்சம் பேருக்கு நுண்ணறிவுச் சோதனைகள் நடத்தப்பட்டன. 1921-இல் வெளியான முடிவுகளில், வயது கூடிய அதிகாரிகளின் சராசரி மதிப்பெண் இளைய அதிகாரிகளின் சராசரியைவிடக் குறைவாக இருந்தது. பின்னர் டேவிட் வெக்ஸ்லர் என்னும் உளவியலார் 1939-இலும் 1955-இலும் வெளியிட்ட சோதனைகளிலும் இதே போக்குக் காணப்பட்டது. இருபதுகளில் உச்சம், அதன்பின் இறக்கம். 'அறிவு இளமையிலேயே தேயத் தொடங்குகிறது' என்று பலரும் முடிவு கட்டினர்.

எண்களில் தவறில்லை. கூட்டலிலும் தவறில்லை. ஆனால் முடிவில் ஓர் ஓட்டை இருந்தது. அதைப் புரிந்துகொள்ள, சிறிது நேரம் வெந்நீர்ப் பாத்திரங்களிடம் செல்வோம்.

இரண்டு பாத்திரங்கள்

அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் எப்படிக் குளிர்கிறது என்று அறிய இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, ஒரே பாத்திரத்தில் வெப்பமானியை வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவைக் குறிப்பது. இதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும்.

இரண்டாவது வழி சுருக்கமானது. பத்து நிமிடத்துக்கு முன் இறக்கிய பாத்திரம் ஒன்றையும், இப்போதுதான் இறக்கிய பாத்திரம் ஒன்றையும் அருகருகே வைத்து ஒரே நேரத்தில் அளந்துவிடலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பத்து நிமிடக் குளிர்ச்சி என்று கொள்ளலாம்.

கொள்ளலாமா? ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு பாத்திரங்களும் அடுப்பிலிருந்து இறங்கும்போது ஒரே வெப்பநிலையில் இருந்திருக்க வேண்டும். முன்னால் இறக்கிய நீர் 60 பாகை வரைதான் சூடேறியிருந்தது. இப்போது அது 55 பாகையில் இருக்கிறது. புதிதாக இறக்கிய நீரோ 90 பாகையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் அளப்பவர் '35 பாகை குறைந்துவிட்டது' என்பார். உண்மையில் குறைந்தது 5 பாகை மட்டுமே. மீதி 30 பாகை, அடுப்புகளின் வேறுபாடு.

படைவீரர் சோதனையிலும் வெக்ஸ்லரின் சோதனையிலும் கையாளப்பட்டது இந்த இரண்டாவது வழியே. இதைக் குறுக்குவெட்டு ஆய்வு என்பர். ஒரே காலத்தில் பல வயதினரை அளந்து ஒப்பிடுவது இது. 60 வயதானவரும் 20 வயதானவரும் ஒரே அடுப்பில் சூடேறியவர்கள் அல்லர். அவர்கள் பெற்ற பள்ளிப் படிப்பு, உணவு, மருத்துவ வசதி, செய்த தொழில் எல்லாம் வேறு வேறு.

நம் நாட்டையே பாருங்கள். 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே எழுத்தறிவு பெற்றிருந்தனர். 2011-இல் இது ஏறத்தாழ 73 ஆக உயர்ந்தது. ஒரு சிற்றூரில் எல்லா வயதினருக்கும் ஒரே நாளில் வாசிப்புச் சோதனை நடத்தினால், முதியவர்கள் பின்தங்கியே இருப்பார்கள். 'வயது ஏற ஏற வாசிப்புத் திறன் அழிகிறது' என்று அதிலிருந்து முடிவு செய்தால் எவ்வளவு பெரிய தவறு! அவர்களில் பலருக்கு அத்திறன் அழியவில்லை. அது கொடுக்கப்படவே இல்லை.

சியாட்டில் நகரத்து ஆய்வு

முதல் வழியை மேற்கொண்டால் என்ன? ஒரே மனிதரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து மீண்டும் மீண்டும் அளப்பதைத் தொடராய்வு என்பர். 1919-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது படைச் சோதனையை எழுதிய மாணவர்களுள் 127 பேரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் வில்லியம் ஓவன்ஸ் என்பவர் தேடிப் பிடித்து அதே சோதனையை எழுதச் செய்தார். ஐம்பது வயதை நெருங்கியிருந்த அவர்களின் மொத்த மதிப்பெண் குறையவில்லை. சற்றுக் கூடியே இருந்தது!

இவ்விரு வழிகளையும் ஒன்றாக இணைத்தவர் கே. வார்னர் ஷாயி. 1956-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் சியாட்டில் நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். உடல்நலக் கூட்டுறவு அமைப்பு ஒன்றின் உறுப்பினர்களிலிருந்து 500 பேரைத் தேர்ந்தெடுத்தார். 20 முதல் 70 வயது வரை, ஒவ்வொரு ஐந்தாண்டுப் பிரிவிலும் 25 ஆண்கள், 25 பெண்கள். சொற்பொருள் அறிதல், உருவத்தை மனத்தில் திருப்பிப் பார்த்து அடையாளம் காணுதல், எழுத்துத் தொடரில் அடுத்து வருவதைக் கண்டறிதல், கணக்கிடுதல், சொற்களைச் சரளமாக நினைவுகூர்தல் ஆகிய ஐந்து திறன்களையும் தனித்தனியே அளந்தார்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1963-இல், அவர்களுள் ஏறத்தாழ 300 பேர் மீண்டும் வந்து சோதனை எழுதினர். அத்துடன் புதிய குழு ஒன்றும் சேர்க்கப்பட்டது. 1970, 1977, 1984 என ஏழாண்டுக்கு ஒரு முறை இது தொடர்ந்தது. அரை நூற்றாண்டுக் காலத்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றனர்.

என்ன தெரிந்தது?

ஒரே நாளில் அளந்த கணக்கு, பழையபடியே இளமையில் தொடங்கும் இறக்கத்தைக் காட்டியது. ஆனால் அதே மனிதர்களைத் தொடர்ந்து அளந்தபோது, பெரும்பாலான திறன்களில் 60 வயதுக்கு முன் சராசரியில் உறுதியான குறைவு தென்படவில்லை. அறுபதுகளில் சிறிது குறைவு; எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் அது கூடுகிறது. 81 வயதிலும்கூட, அதற்கு முந்திய ஏழாண்டுகளில் ஒரு குறிப்பிட்ட திறனில் தெளிவான சரிவு கண்டவர்கள் பாதிப் பேருக்கும் குறைவே.

எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் இறங்குவதும் இல்லை. கண்ணால் கண்டு விரைந்து முடிவெடுக்கும் வேகம் முன்னதாகவே குறையத் தொடங்குகிறது. சொல்லறிவு நெடுநாள் நிற்கிறது. 'நுண்ணறிவு' என்று ஒரே எண்ணால் குறித்துவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

இழந்தது மீளுமா? ஷாயியும் ஷெர்ரி வில்லிஸும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், 64 வயதும் அதற்கு மேலும் ஆன 229 பேருக்கு, ஒரு மணி நேர வகுப்புகள் ஐந்து மட்டும் நடத்தினர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் முன்னேறினர். சரிவு கண்டிருந்தவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேர், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் இருந்த நிலைக்கே திரும்பினர்! அவர்களிடம் குறைந்திருந்தது பெருமளவு பயிற்சிதான் என்று இதனால் தெரிகிறது. மறதி நோய் போன்றவை வேறு. அவை மூளையைத் தாக்கும் நோய்கள்.

தொடராய்விலும் பிழை உண்டு

முதல் வழி குற்றமற்றது என்று எண்ணிவிடாதீர்கள். ஓட்டைப் பாத்திரங்கள் பாதியில் விலகிவிட்டால், மிஞ்சியவை நல்ல பாத்திரங்களாகவே இருக்கும் அல்லவா? அதுபோல, நோயுற்றவர்களும் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களும் மறுமுறை வராமல் போவது அதிகம். ஆகவே சராசரி உள்ளதைவிட நன்றாகத் தோன்றும். ஒரே சோதனையைத் திரும்ப எழுதுவதால் வரும் பழக்கமும் மதிப்பெண்ணை உயர்த்தும். இவற்றைச் சரிபார்க்கத்தான் ஷாயி ஒவ்வொரு முறையும் புதிய குழுவையும் சேர்த்து அளந்தார்.

இந்த அளவீட்டால் யாருக்கு என்ன?

ஒரு கோட்டின் சரிவைத் தவறாகப் படித்தால், ஒருவருடைய வேலையே போகலாம். 'குறிப்பிட்ட வயதுக்கு மேல் மனிதருக்குத் திறமை இராது' என்ற எண்ணம் கட்டாய ஓய்வுக்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டு வந்தது. அமெரிக்காவில் இது குறித்துப் பெரும் விவாதம் நடந்தது. 1978-இல் கட்டாய ஓய்வு வயது 65-லிருந்து 70-க்கு உயர்த்தப்பட்டது. 1986-இல் பெரும்பாலான பணிகளுக்கு அந்த வரம்பே நீக்கப்பட்டது.

நம் நாட்டில் 2017-18-இல், 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,000-க்கும் மேற்பட்டோரிடம் முதுமை பற்றிய பெரிய ஆய்வின் முதல் சுற்று நடைபெற்றது. அதே மனிதர்களை மீண்டும் மீண்டும் சந்திப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஆய்வு இது. முதல் சுற்று மட்டும் தருவது ஒரே நேரத்தில் எடுத்த படம்தான் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். 2011 கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களுள் பத்தில் ஒருவருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இனி இப்பங்கு கூடும். அவர்களால் என்ன முடியும் என்பதைச் சரியாக அளந்து அறிய வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

செய்து பாருங்கள்

1. ஆசிரியரின் துணையுடன், ஒரு குவளையில் மிதமான சூட்டில் நீர் எடுத்து வையுங்கள். பத்து நிமிடம் கழித்து, மற்றொரு குவளையில் அதைவிடச் சூடான நீரை எடுத்து, இரண்டின் வெப்பநிலையையும் உடனே அளந்து வேறுபாட்டைக் குறியுங்கள். முதல் குவளையின் தொடக்க அளவும் தெரிந்திருந்தால், உண்மையான குளிர்ச்சி எவ்வளவு? இரு விடைகளையும் ஒப்பிடுங்கள்.

2. உங்கள் பள்ளியில் 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை மாணவர்களின் உயரத்தை ஒரே நாளில் அளந்து ஒரு வளர்ச்சிக் கோடு வரைகிறீர்கள். இது எவ்வகை ஆய்வு? இதே கோட்டைத் தொடராய்வாக வரைய எத்தனை ஆண்டுகள் வேண்டும்? இடையில் சில மாணவர்கள் வேறு பள்ளிக்குச் சென்றுவிட்டால் கோடு எப்படி மாறலாம்?