அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியும் புலமைப்பரிசிலும்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஆறு மணிக்கு ஸ்காபரோ அரீனாக்களின் குளிர்ந்த வாங்குகளில் தேநீர்ப் போத்தலோடு குந்தியிருக்கும் பெற்றோரில் இப்போது நம்மவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதானதும் அந்த வாங்குகளில் ஒரு சொல் உலாவத் தொடங்கும்: ‘ஃபுல் ரைட்’. முழுச் செலவையும் அமெரிக்கக் கல்லூரியே பொறுப்பெடுக்கும் என்ற கனவு அது.

ஊரில் படித்தவர்களுக்குப் புலமைப்பரிசில் என்றால் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைதான் நினைவுக்கு வரும். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் கிடைக்கும், எடுக்காவிட்டால் இல்லை. கல்லூரி ஹொக்கி அப்படி இல்லை. தன் கையிலுள்ள காசை யாருக்கு எவ்வளவு, எந்த வருடம் கொடுப்பது என்று ஒரு பயிற்றுநர் போடும் கணக்குத்தான் இங்கே புலமைப்பரிசில். அந்தக் கணக்கைப் பெற்றோரும் போடத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் தொகையை மட்டும் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். பிறகு வருந்துவது பிள்ளைதான்.

முதற்படி: இடங்களை எண்ணிப் பாருங்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் மேல்மட்டமான டிவிஷன் 1-இல் ஆண்கள் ஹொக்கி அணிகள் அறுபதுக்குச் சற்று மேல். பெண்கள் அணிகள் அதைவிடக் குறைவு. டிவிஷன் 3-இல் அணிகள் ஏராளம், ஆனால் விளையாட்டுக்கென்று அங்கே ஒரு டொலரும் தர முடியாது. டிவிஷன் 2-இல் ஹொக்கி பெயருக்குத்தான்.

முன்பு ஒரு டிவிஷன் 1 அணிக்கு 18 முழுப் புலமைப்பரிசில்கள் என்று உச்சவரம்பு இருந்தது. பயிற்றுநர் அதை உடைத்து இருபத்தைந்து பேருக்கும் பகிரலாம். ஒருவருக்கு முழுதும், இன்னொருவருக்குப் பாதியும், மற்றவருக்குப் புத்தகச் செலவு மட்டும் என்று போகும். 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்தோடு இது மாறியது. அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்குப் புலமைப்பரிசில் எண்ணிக்கையில் வரம்பு இல்லை. அதற்குப் பதிலாக அணியில் 26 பேருக்கு மேல் இருக்க முடியாது. சேராத கல்லூரிகள் பழைய 18-இலேயே நிற்கின்றன. எனவே ஒரு கல்லூரி அழைத்தால் முதலில் கேட்க வேண்டியது, “நீங்கள் அதில் சேர்ந்திருக்கிறீர்களா?” என்பதுதான்.

இரண்டாம் படி: பாதை மாறியிருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

பழைய கதை தெரியாமல் இன்றைய நிலை விளங்காது. ஒன்ராறியோப் பையனுக்குப் பதினைந்து, பதினாறு வயதில் ஓ.எச்.எல் (ஒன்ராறியோ ஜூனியர் லீக்) தெரிவு வரும். அங்கே போய் ஆடினால் அமெரிக்கக் கல்லூரிக் கதவு மூடிவிடும். ஓ.எச்.எல், டபிள்யூ.எச்.எல், கியூபெக் லீக் மூன்றும் சேர்ந்த சி.எச்.எல்-ஐ என்.சி.ஏ.ஏ. தொழில்முறை ஆட்டமாகவே கருதி வந்தது. சி.எச்.எல் அணியின் முகாமுக்குப் போனால்கூட 48 மணி நேரக் கணக்குப் பார்த்து வெளியே வர வேண்டிய காலம் அது. பதினாறு வயதில் வின்ட்சர் ஸ்பிட்ஃபயர்ஸ் அணிக்காக இரண்டே இரண்டு நட்பு ஆட்டங்கள் ஆடிய பையன் ஒருவன் அதனால் கல்லூரித் தகுதியை இழந்தான். 2024-இல் அவன் சார்பில் வழக்குப் போடப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று என்.சி.ஏ.ஏ. விதியை மாற்றியது. 2025 ஆகஸ்ட் 1 முதல் சி.எச்.எல் வீரர்களும் கல்லூரிக்குப் போகலாம்.

பழைய விதி இருந்த நாளில் கல்கரிப் பையன் கேல் மகார், டபிள்யூ.எச்.எல்-இன் மெடிசின் ஹாட் அணி தன்னைத் தெரிவுசெய்த பிறகும் அங்கே போகாமல் அல்பேர்ட்டா ஜூனியர் லீக்கில் புரூக்ஸ் அணிக்கு ஆடி, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் சென்று 2019-இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹோபி பேக்கர் விருது வாங்கினார். கல்லூரி வேண்டுமென்றால் அப்படிச் சுற்றுப்பாதையில்தான் போக வேண்டும். இப்போது அதே மெடிசின் ஹாட்டில் ஆடிய கேவின் மெக்கென்னா 2025 ஜூலையில் நேரடியாகப் பென் ஸ்டேட்டுக்குப் போவதாக அறிவித்தார்.

பதினைந்து வயதில் முடிவெடுக்கும் கொடுமை போய்விட்டது, மகிழ்ச்சிதான். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. முன்பு வாசலிலேயே நிறுத்தப்பட்ட பத்தொன்பது, இருபது வயதுத் தேர்ந்த வீரர்கள் இப்போது அதே 26 இடங்களுக்கு வருகிறார்கள். கதவு அகலமாகிவிட்டது, அறை பெரிதாகவில்லை. பதினேழு வயதில் வாய்வாக்குப் பெற்ற பையனிடம், “இன்னொரு வருடம் ஜூனியரில் ஆடிவிட்டு வா” என்று பயிற்றுநர் சொல்வது முன்பும் உண்டு. இனி அதை இன்னும் அதிகமாகக் கேட்க வேண்டிவரும்.

பெண்பிள்ளைகளுக்கு இந்தச் சுற்றுகள் எதுவும் இல்லை. பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்லூரிதான். ஹமில்ரனைச் சேர்ந்த சாரா நர்ஸ் விஸ்கான்சின் போனது அந்த வழியில்தான். அவர்களுக்குக் கால அவகாசம் குறைவு. அதனால் அடுத்த இரண்டு படிகளும் அவர்களுக்கு இன்னும் அவசரம்.

மூன்றாம் படி: ஒன்பதாம் வகுப்பிலேயே பாடங்களைப் பாருங்கள்

என்.சி.ஏ.ஏ. ஏற்கும் 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். நான்கு ஆங்கிலம், மூன்று கணிதம், இரண்டு விஞ்ஞானம், இரண்டு சமூக விஞ்ஞானம், மீதி இவற்றின் கூடுதலும் வேற்றுமொழி போன்றவையும். அவற்றில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். நான்கு புள்ளி அளவில் சராசரி 2.3-க்குக் குறையக் கூடாது. எஸ்.ஏ.ரி பரீட்சையை என்.சி.ஏ.ஏ. இப்போது கேட்பதில்லை, ஆனால் சில கல்லூரிகள் தாமாகக் கேட்கும். பிள்ளையின் பள்ளிப் பாடங்களில் எவை ஏற்கப்படும் என்பதை ஆலோசகரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்தாவது பாடத்தில் தடுக்கி விழும் பிள்ளைக்கு எந்தப் பயிற்றுநரும் உதவ முடியாது.

நான்காம் படி: யார் எப்போது பேசலாம்

ஒரு காலத்தில் பதினான்கு வயதுப் பையன்களிடம் வாக்குக் கேட்டு அலைந்தார்கள். அதைக் கட்டுப்படுத்த வந்த விதிப்படி, பத்தாம் வகுப்பின் ஜனவரி 1-க்கு முன் ஆண்கள் அணிப் பயிற்றுநர் பையனோடு பேச முடியாது. பதினோராம் வகுப்புக்கு முந்திய ஆகஸ்ட் 1 முதல்தான் வாய்வழி அழைப்பும், கல்லூரிச் செலவில் நேரில் பார்க்கப் போவதும். பெண்பிள்ளைகளோடு பேசுவது பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல்.

பிள்ளை எழுதுவதற்குத் தடை இல்லை, பயிற்றுநர் பதில் எழுதுவதற்குத்தான் தடை. எனவே பதில் வரவில்லை என்று பதினைந்து வயதில் மனமுடைய வேண்டியதில்லை. மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். அப்பா எழுதிய மின்னஞ்சலைப் பயிற்றுநர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஐந்தாம் படி: வாய்ச்சொல் வேறு, கடிதம் வேறு

என் அக்காவின் மகன், வீட்டில் எங்களுக்குத் ‘தம்பி’, பின்கள வீரன். பதினேழு வயதில் ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. பால்ரொட்டி வாங்கி அயலெல்லாம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அங்கே தலைமைப் பயிற்றுநர் மாறினார். புதியவர் தொலைபேசியில் நான்கு நிமிடம் பேசினார். மிக மரியாதையாகத்தான் பேசினார். பேசி முடித்தபோது அந்த இடம் இல்லாமல் போயிருந்தது. தம்பி பேசாமல் கீழ்த்தளத்துக்குப் போய் இரவு முழுக்கச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வாய்வாக்கு இரு பக்கத்தையும் கட்டாது. அதற்கு அர்த்தமே இல்லை என்பதல்ல, பெரும்பாலான பயிற்றுநர்கள் சொன்ன சொல்லைக் காப்பவர்கள். ஆனால் அதை நம்பி மற்றக் கதவுகளைச் சாத்தாதீர்கள். வீரரையும் கல்லூரியையும் பிணைத்த பழைய ‘நஷனல் லெட்டர் ஒஃப் இன்டென்ட்’ முறையும் 2024 ஒக்டோபரில் நீக்கப்பட்டது. இப்போது கணக்கில் வருவது கல்லூரி கையெழுத்திட்டுத் தரும் நிதியுதவி ஒப்பந்தம் ஒன்றே.

ஆறாம் படி: கடிதத்தைப் பென்சிலோடு வாசியுங்கள்

தம்பிக்குப் பிறகு இரண்டு அழைப்புகள் வந்தன. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டோம். எண்களை இங்கே தோராயமாக்கிச் சொல்கிறேன்.

முதற்கல்லூரி தனியார். வருடச் செலவு 60,000 அமெரிக்க டொலர், ஹொக்கிக்காக 40 வீதம் தருவார்கள். அது 24,000. வீட்டிலிருந்து போவது 36,000, நான்கு வருடத்துக்கு 144,000. இரண்டாவது அரச கல்லூரி. வருடச் செலவு 48,000, ஹொக்கிக்கு 25 வீதம்தான், 12,000. ஆனால் அவனுடைய புள்ளிகளுக்காகக் கல்லூரி தனியே 15,000 தந்தது. மிச்சம் 21,000, நான்கு வருடத்துக்கு 84,000. நாற்பது என்ற எண்ணில் மயங்கியிருந்தால் 60,000 டொலர் கூடுதலாகக் கட்டியிருப்போம். அதுவும் அமெரிக்க டொலரில்.

அதனால் எத்தனை வீதம் என்பதோடு நிற்காமல் எதனுடைய வீதம் என்று கேளுங்கள். கல்விக்கட்டணத்திலா, தங்குமிடமும் உணவும் சேர்ந்த மொத்தத்திலா? கட்டணம் வருடாவருடம் ஏறும்போது உதவியும் ஏறுமா, முதல் வருடத் தொகையிலேயே நிற்குமா? ஒரு வருடத்துக்கு எழுதியதா, நான்கு வருடத்துக்கா? கோடைப் படிப்புக்குப் பணம் உண்டா? படிப்புக்குத் தரும் 15,000 எந்தச் சராசரிக்குக் கீழே போனால் நிற்கும்? உணவுக்கும் தங்குமிடத்துக்கும் தரும் பகுதிக்கு அமெரிக்காவில் வரி உண்டு, கல்விக்கட்டணப் பகுதிக்கு இல்லை. இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

விளம்பரப் பணம், வருமானப் பங்கு என்று இப்போது பெரிய தொகைகள் பேசப்படுகின்றன. சமரசத்தின்படி ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்து முதலாண்டில் 20.5 மில்லியன் டொலர் வரை பகிரலாம். அதில் பெரும்பங்கு அமெரிக்க ஃபுட்போலுக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகும். நம் பிள்ளைகள் கனடாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்கள். அந்த விசாவில் வேலை செய்து சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு உண்டு. ஒரு விளம்பரத்துக்குக் கையெழுத்திடுமுன் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள். பயிற்றுநரைக் கேட்பது போதாது.

ஏழாம் படி: ஹொக்கிக்குப் பணம் தராத கல்லூரியை ஒதுக்காதீர்கள்

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கோர்னெல், பிரவுண், டார்ட்மத் ஆகிய ஆறும் டிவிஷன் 1-இல் ஆடுகின்றன, விளையாட்டுப் புலமைப்பரிசில் தருவதில்லை. ஆனாலும் 2013-இல் தேசியக் கிண்ணத்தை யேல் வென்றது. அடுத்த வருடம் மினசோட்டாவை 7-4 என்று வீழ்த்தி வென்ற யூனியன் கல்லூரியும் அன்று விளையாட்டுக்கென்று பணம் தராத கல்லூரிதான். பணம் தராத இடத்துக்கு நல்ல வீரர் போகமாட்டார் என்பதை இந்த இரண்டு வருடங்களும் பொய்யாக்கின.

மேலே சொன்ன ஆறு கல்லூரிகளும் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவுகின்றன. ஹார்வர்ட் 2025-26 முதல் வருட வருமானம் 200,000 அமெரிக்க டொலர் வரையுள்ள சாதாரணக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்விக்கட்டணத்தை நீக்கியிருக்கிறது. 100,000-க்குள் இருந்தால் தங்குமிடமும் உணவும்கூட. வாடகை வாகனம் ஓட்டியும் இரண்டு வேலை பார்த்தும் பிள்ளையை ரிங்க்குக்குக் கொண்டுபோகிற குடும்பத்துக்கு இது எந்த ஃபுல் ரைட்டுக்கும் குறைந்ததல்ல. அந்தப் பணம் பயிற்றுநரின் பையிலிருந்து வருவதில்லை. பிள்ளை நாளை ஆட்டத்தை விட்டாலும் உதவி நிற்காது. என் கண்ணுக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு வேறில்லை. அதற்குப் புள்ளிகள் வேண்டும், அதனால்தான் மூன்றாம் படியை அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

எட்டாம் படி: சி.எச்.எல் கல்விப்பணத்தையும் கணக்கில் சேருங்கள்

ஓ.எச்.எல் போன்றவற்றில் ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்கு ஒரு வருட உதவி என்பது பொதுவான ஏற்பாடு. யோர்க், குயின்ஸ் போன்ற கனேடியப் பல்கலைக்கழக அணிகளில் ஆடிக்கொண்டே அந்தப் பணத்தில் படிப்பவர்கள் பலர். அதைப் பாவிக்கத் தொடங்கக் கால எல்லை உண்டு. தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் அது என்னாகும் என்பதும் எழுத்தில் இருக்கும். தேடி வாசியுங்கள்.

ஒன்பதாம் படி: பனியில் எவ்வளவு நேரம்?

ஓ.எச்.எல் பருவம் 68 ஆட்டங்கள். கல்லூரியில் அதன் பாதிதான், அதுவும் பெரும்பாலும் வெள்ளியும் சனியும். வாரநாட்களில் உடற்பயிற்சியும் படிப்பும். உடம்பு இன்னும் முற்றாத பிள்ளைக்கு அது வரம். ஆனால் 26 பேரில் ஒவ்வொரு ஆட்டத்திலும் சிலர் கோட்டு சூட் போட்டு மேலே இருந்து பார்க்க வேண்டும்.

நேரில் போகும்போது பயிற்றுநர் காட்டும் உடைமாற்றும் அறையைப் பார்த்து வியந்துவிட்டு வராதீர்கள். மேலே இருந்து பார்த்த பையன் ஒருவனைத் தேடிப் பேசச் சொல்லுங்கள். தம்பி அப்படித்தான் செய்தான். முதற்கல்லூரியில் அவனுடைய இடத்துக்கு ஏற்கெனவே எட்டுப் பின்கள வீரர்கள், அதில் ஐந்து பேர் அடுத்த இரண்டு வருடமும் இருப்பவர்கள். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் ‘போர்ட்டல்’ வழியாக இன்னொருவரும் வரப்போகிறார் என்று உணவுக்கூடத்தில் ஒரு மூன்றாம் வருட மாணவன் சொன்னான். இரண்டாவது கல்லூரியில் நான்கு பேர் அந்த வசந்தத்தில் பட்டம் பெறுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவன் எங்கள் பென்சில் கணக்கின் கீழே, டொலர் எதுவும் போடாமல், 4 என்று மட்டும் எழுதி வட்டமிட்டான்.