முதல் தாளும் தூக்குக் குண்டும்

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே புக்கிட் தெங்காவின் வரிசை வீடுகளில் பரபரப்புத் தொடங்கிவிடும். நாற்காலிகள் வாசலுக்கு வரும்; சன்னல் திரைகள் துவைக்கப்படும்; சுவர்கள் புதுச் சாயம் பெறும். சில வீடுகளில் வரவேற்பறையின் ஒரு சுவருக்கு மட்டும் சாயத்திற்குப் பதிலாகச் சுவர்த்தாள் ஒட்டுவார்கள். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் இடையே உள்ள இவ்வூரில் மட்டுமன்று, நாடெங்கும் இப்பழக்கம் பரவியுள்ளது.

தாள் ஒட்ட வருபவரின் பெட்டியில் பசை வாளி, அகலமான தூரிகை, தாளின் ஓரத்தை அழுத்தும் சிறிய உருளை, கூரிய கத்தி ஆகியவை இருக்கும். ஆயினும், அனுபவமுள்ளவர் முதலில் வெளியே எடுப்பது இவற்றுள் எதையும் அன்று. ஒரு நூலையும் அதன் நுனியில் கட்டிய உலோகக் குண்டையும்தான் அவர் எடுப்பார். அதுவே தூக்குக் குண்டு.

“மூலைதான் நேரா இருக்கே அண்ணே, அங்கேருந்து ஒட்டிக்கிட்டு வந்தா போதாதா?” என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. கண்ணுக்கு மூலை நேராகத்தான் தெரிகிறது. ஆனால், சுவரைக் கட்டுபவர் பூசும் சுண்ணக் கலவை எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக இருப்பதில்லை. பழைய வீடாக இருந்தால் அடித்தளம் சற்று இறங்கியும் இருக்கலாம். 3 மீட்டர் உயரமுள்ள சுவரில் மூலை 1 சென்டிமீட்டர் சாய்ந்திருந்தால் யாருக்கும் அது புலப்படாது.

தாளை ஒட்டிய பிறகுதான் அது புலப்படும். மூலையை நம்பி முதல் தாளை ஒட்டினால் அந்தத் தாளும் 1 சென்டிமீட்டர் சாயும். இரண்டாவது தாளை முதல் தாளின் ஓரத்தோடு சேர்த்துத்தான் ஒட்ட வேண்டும். எனவே அதுவும் சாயும். மூன்றாவதும் அப்படியே. தாளில் பூவரிசை இருந்தால், அவ்வரிசை சுவரின் குறுக்கே செல்லச் செல்ல மேலே ஏறும் அல்லது கீழே இறங்கும். 300 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்னும் இந்தச் சாய்வு, 4 மீட்டர் அகலச் சுவரில் 1.3 சென்டிமீட்டருக்கும் அதிகமான ஏற்றமாகிவிடும். ஒரு முனையில் முழுதாகத் தெரியும் பூ, மறுமுனையில் கூரையை ஒட்டிப் பாதியாக வெட்டுப்பட்டு நிற்கும். அதற்குள் பசை காய்ந்திருக்கும். தாளைக் கிழித்துவிட்டு மறுபடியும் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பொதுவாக விற்கப்படும் சுருள் ஒன்றின் அகலம் 53 சென்டிமீட்டர்; நீளம் ஏறத்தாழ 10 மீட்டர். 3 மீட்டர் உயரச் சுவருக்கு ஒரு சுருளில் மூன்று துண்டுகள்தான் தேறும். நான்கு மீட்டர் சுவருக்கு எட்டுத் துண்டுகள் வேண்டும். ஆக, முதல் துண்டில் நேரும் பிழைக்கு மூன்று சுருள்கள் பலியாகும்.

ஆகவே, தாள் ஒட்டுபவர் மூலையிலிருந்து ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் தள்றிக் கூரைக்கு அருகே ஒரு சிறு ஆணி அடித்து நூலைத் தொங்கவிடுகிறார். தாளின் அகலம் 53 சென்டிமீட்டர் என்பதால், எஞ்சிய 3 சென்டிமீட்டர் மூலையைத் தாண்டிப் பக்கத்துச் சுவரில் மடியும். மூலையின் கோணல் அந்த மடிப்பில் மறைந்துவிடும். குண்டு தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். சுவரில் உரசவும் கூடாது. கூரை விசிறியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டரை மீட்டர் நூலில் தொங்கும் குண்டு ஒருமுறை போய்வர ஏறத்தாழ 3 விநாடிகள் ஆகும். அவசரக்காரருக்கு இது நீண்ட நேரம். கெட்டிக்காரத் தொழிலாளர்கள் ஒரு வாளித் தண்ணீரில் குண்டை மூழ்கவிடுவார்கள். நீர் அதன் ஆட்டத்தை விரைவில் அடக்கிவிடும்.

குண்டு அசைவற்று நின்றதும் நூலின் வழியே சில இடங்களில் பென்சிலால் புள்ளியிட்டு, நீண்ட அளவுகோலால் அவற்றை இணைக்க வேண்டும். மைப்பேனாவைப் பயன்படுத்தக் கூடாது. பசையின் ஈரத்தில் மை ஊறித் தாளின் முகத்திலேயே தெரிந்துவிடும். முதல் தாளின் ஓரம் இக்கோட்டோடு பொருந்த வேண்டும். மூலை திரும்பி அடுத்த சுவருக்குப் போனால் அங்கே மறுபடியும் நூலைத் தொங்கவிட வேண்டும். முந்திய சுவரின் நேரை அடுத்த சுவருக்கு எடுத்துச் செல்ல முடியாது. சுவர் ஈரமாக இருந்தால் என்ன செய்வது? காயும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மழை மிகுந்த பினாங்கில் ஈரச் சுவரில் ஒட்டிய தாள், எவ்வளவு நேராக இருந்தாலும் பூஞ்சணம் பிடித்து உரியத் தொடங்கும்.

கொத்தனார்களிடமும் இதே கருவி உண்டு. ஆனால், அவர்கள் அறிய விரும்புவது வேறு. சுவர் முன்பக்கமோ பின்பக்கமோ சாய்கிறதா என்பதே அவர்களின் கவலை. அதனால் அவர்களது நூலில் குண்டின் அகலத்திற்குச் சமமான அகலமுள்ள சிறு கட்டை ஒன்று கோக்கப்பட்டிருக்கும். கட்டையைச் சுவரின் மேற்பகுதியில் வைத்து அழுத்திக் குண்டைக் கீழே இறக்குவார்கள். குண்டு சுவரை இலேசாகத் தொட்டு நின்றால் சுவர் நேர். விலகி நின்றாலோ சுவரில் சாய்ந்து கிடந்தாலோ கட்டியதைப் பிரிக்க வேண்டியதுதான்.

இக்கருவி மிகப் பழையது. எகிப்து நாட்டில் அரசர்களின் கல்லறைகளை அமைத்த கைவினைஞர்களுள் ஒருவரான சென்னெஜெம் என்பவரின் கல்லறை 1886இல் திறக்கப்பட்டபோது, ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட தூக்கு நூல் கருவி அவருடைய பொருள்களோடு கிடைத்தது. மலாய் மொழியில் இதனை ‘உந்திங்-உந்திங்’ என்பர். ஆங்கிலப் பெயரான ‘பிளம்ப்’ என்பது, ஈயத்தைக் குறிக்கும் ‘பிளம்பம்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முன்பு குண்டை ஈயத்தில் வார்த்தார்கள். ஈயக் குழாய்களைப் பொருத்தியவரே பின்னர் ‘பிளம்பர்’ ஆனார். தமிழிலோ நூல் என்னும் சொல்லே பெருமைக்குரியது. மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சருக்கு நூல் உதவுவதுபோல மனத்தின் கோணலைத் தீர்ப்பதால் கற்கும் ஏட்டுக்கும் அப்பெயர் பொருந்துகிறது என்று பவணந்தி முனிவர் நன்னூலில் விளக்குகிறார்.

தூக்குக் குண்டு நேரைக் காட்டுவதற்குக் காரணம் புவியின் ஈர்ப்பு. அப்படியானால், அருகிலுள்ள பெரிய மலையும் குண்டைத் தன் பக்கம் இழுக்காதா? இழுக்கத்தான் செய்கிறது. 1774இல் நெவில் மாஸ்கலின் என்னும் வானியலாளர் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையின் இரு புறங்களிலும் தூக்கு நூலைத் தொங்கவிட்டு இதனை அளந்தார். ஒவ்வொரு புறத்திலும் நூல் விலகியது ஏறத்தாழ ஒரு பாகையின் 600இல் ஒரு பங்கு.

இந்தச் சிறு விலகல் பிற்காலத்தில் பெரிய தலைவலியாயிற்று. 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே தொடங்கிய இந்திய நில அளவைப் பணி, பல ஆண்டுகளுக்குப் பின் வடக்கே இமயத்தை நெருங்கியது. அங்கே, ஏறக்குறைய 600 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு இடங்களின் தொலைவை நிலத்தில் அளந்தபோது ஒரு விடையும், விண்மீன்களை நோக்கிக் கணித்தபோது வேறொரு விடையும் கிடைத்தன. வேறுபாடு ஏறத்தாழ 160 மீட்டர். விண்மீனை நோக்குபவருக்கும் ‘நேர் மேலே’ எது என்பதைச் சொல்வது தூக்கு நூல்தான். இமயமலை அந்நூலை இழுத்திருக்கும் என்று 1855இல் கல்கத்தாவிலிருந்த ஜான் பிராட் கணக்கிட்டுக் காட்டினார். வியப்பு என்னவென்றால், அவ்வளவு பெரிய மலை இழுத்திருக்க வேண்டிய அளவுக்கு நூல் விலகவே இல்லை. மலைகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அறிவியலாளர்கள் ஆராயத் தொடங்கியது இந்தக் கணக்கிற்குப் பிறகுதான்.

புக்கிட் தெங்காவுக்கு அருகிலும் புக்கிட் மெர்தாஜாம் மலை இருக்கிறது. அதன் உயரம் ஷிஹாலியன் மலையின் உயரத்தில் பாதியளவுதான். ஷிஹாலியன் மலையே பக்கத்தில் இருந்தாலும், 3 மீட்டர் சுவரில் நூல் விலகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை எட்டாது. ஒரு தலைமயிரின் பருமன்தான். தாள் ஒட்டுபவர் மலைக்கு அஞ்ச வேண்டியதில்லை. விசிறிக்குத்தான் அஞ்ச வேண்டும்.

இப்போது பலர் லேசர் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். பொத்தானை அழுத்தினால் சுவரில் சிவப்பு அல்லது பச்சை ஒளிக்கோடு விழும். நூல் இல்லை, ஆணி இல்லை, வாளியும் இல்லை. ஆனால், இத்தகைய கருவிகள் பலவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே ஓர் ஊசல் தொங்குவதைக் காணலாம். ஒளியை அனுப்பும் பகுதி அந்த ஊசலோடு இணைந்திருக்கும். தண்ணீர் வாளி செய்த வேலையை அங்கே காந்தங்கள் செய்யும். கருவியை அளவுக்கு மேல் சாய்த்து வைத்தால் ஒளிக்கோடு மின்னி மின்னி எச்சரிக்கும். சமதளத்தில் வைத்தாலும் ஊசல் ஆடி நிற்கும்வரை கோடும் சற்று ஆடிக்கொண்டிருக்கும். அது நிலைத்த பிறகே பென்சிலை எடுக்க வேண்டும்.