பொருத்தும் இடம்: தொகுதிப் பொறியியல் – ஓர் அறிமுகம்

எங்கள் வீடு குருநகரில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாப்பா வள்ளங்களின் பின்னால் பூட்டும் எஞ்சின்களைத் திருத்துபவர். கற்பிட்டிக் கடற்கரையில் பழகிய தொழில் அது. ஊர் திரும்பிய பின்னரும் அதையே செய்கிறார்.

சென்ற விடுமுறையில் வாப்பாவுக்குப் பகல் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். ஒரு தொழிலாளி தன் புது பைபர் வள்ளத்தோடு வந்திருந்தார. எஞ்சின் வேறொருவரிடம் வாங்கியது. "சத்தம் பெரிசாக் கேக்குது, வள்ளம் ஓடுதில்லை" என்றார். அதற்கு முன் இரண்டு பேர் எஞ்சினைக் கழற்றிப் பார்த்துவிட்டார்களாம். வாப்பா அதைத் திறக்கவே இல்லை. வள்ளத்தில் ஏறிக் கொஞ்சத் தூரம் ஓடிப் பார்த்தார். திரும்பி வந்து அளவு நாடாவால் பின்பலகையின் உயரத்தை அளந்தார்.

"எஞ்சினும் நல்லது தம்பி, வள்ளமும் நல்லது. பூட்டின இடந்தான் பிழை" என்றார்.

பின்பலகை அந்த எஞ்சினின் தண்டுக்கு மிஞ்சிய உயரமாக இருந்தது. அதனால் விசிறி நீர்மட்டத்துக்கு மிக அருகில் நின்று, தண்ணீரோடு காற்றையும் இழுத்தது. எஞ்சின் வேகமாகச் சுழன்றாலும் தள்ளுவதற்குப் போதிய தண்ணீர் இல்லை. பலகையை அளவாக வெட்டி இறக்கியதும் வள்ளம் ஓடியது.

வாப்பா அன்று செய்த காரியத்துக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெயர் உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதுவே தொகுதிப் பொறியியல்.

தொகுதி என்றால் என்ன?

சகோதரிகளே, இச்சொல் நமக்குப் புதிதன்று. விஞ்ஞான பாடத்தில் சமிபாட்டுத் தொகுதி, சுவாசத் தொகுதி என்று படித்திருக்கிறோம். தகவல் தொழினுட்ப பாடத்தில் இதனையே 'முறைமை' என்கிறோம். பல பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டு, எந்தத் தனிப் பகுதியாலும் செய்ய முடியாத ஒரு வேலையைச் செய்யுமானால் அது தொகுதி. எஞ்சின் மட்டும் மீன் பிடிக்கப் போகாது. வள்ளம் மட்டும் தானாகக் கரைக்கு வராது.

இயந்திரப் பொறியியலாளர் எஞ்சினைப் பார்ப்பார். மின் பொறியியலாளர் மின்சுற்றைப் பார்ப்பார். பகுதிகள் சந்திக்கும் இடத்தையும் முழுத் தொகுதியையும் பார்ப்பவர் யார்? அவரே தொகுதிப் பொறியியலாளர். அவருடைய வேலையைச் சுருக்கமாக ஐந்து படிகளில் சொல்லலாம்.

1. பயன்படுத்தப் போகிறவர்களிடமும் பாதிக்கப்படக் கூடியவர்களிடமும் தேவையைக் கேட்டறிதல்.
2. அத்தேவையை அளக்கக் கூடிய நிபந்தனைகளாக எழுதுதல்.
3. வேலையைப் பகுதிகளாகப் பிரித்து, அவை சந்திக்கும் இடங்களை வரையறுத்தல்.
4. பகுதிகளைச் சேர்த்து, எழுதியபடி அமைந்ததா எனச் சோதித்தல்.
5. எழுதியதே சரியான தேவைதானா என்று பயனாளரிடம் மீண்டும் பார்த்தல்.

நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றல்ல. தைக்கக் கொடுத்த சட்டை கொடுத்த அளவுப்படி இருக்கிறதா என்பது நான்காவது. போடுபவருக்கு அது பொருந்துகிறதா என்பது ஐந்தாவது.

பல்கலைக்கழகத்துக்கு வந்த கதை

இத்துறை வகுப்பறையில் பிறக்கவில்லை. 1940களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் இப்பெயர் வழக்கில் இருந்தது. தொலைபேசி வலையமைப்பில் ஓரிடத்தில் செய்யும் மாற்றம் இன்னோரிடத்தைப் பாதிக்கும் என்பதால் முழுமையைப் பார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1950இல் அந்த ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கில்மன் என்பவர் எம்.ஐ.ரி.யில் இதனைப் பாடமாகக் கற்பித்தார். 1957இல் குட், மக்கோல் ஆகிய இருவரும் எழுதிய நூலும், 1962இல் ஆர்தர் ஹோல் எழுதிய நூலும் மாணவர்களுக்குப் பாடநூல்களாயின. 1960களின் தொடக்கத்தில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வேய்ன் வைமோர் இதற்கெனத் தனித் துறையொன்றை நிறுவினார். 1990இல் அமெரிக்காவில் தொடங்கிய தொழில்சார் அமைப்பு 1995இல் சர்வதேசப் பேரவையாகப் பெயர் மாறியது.

பல இடங்களில் இது முதுமாணிப் பட்டமாகவே கற்பிக்கப்படுகிறது. காரணம் எளிது. ஏதாவதொரு பகுதியை ஆழமாக அறியாதவர் பகுதிகளின் பொருத்தத்தைப் பற்றிப் பேச முடியாது. வாப்பாவும் பல வருடம் எஞ்சின் கழற்றிய பிறகே கழற்றாமல் பிழை கண்டார்.

இரண்டு பாடங்கள்

1999 செப்ரெம்பர் 23ஆம் திகதி நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் செவ்வாயை அடைந்த வேளையில் அழிந்தது. ஒரு குழுவின் மென்பொருள் கணத்தாக்கை இறாத்தல்-விசை செக்கனில் கொடுத்தது. மற்றக் குழு அதனை நியூற்றன் செக்கன் என்று எடுத்துக் கொண்டது. இரண்டுக்குமிடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வித்தியாசம். பௌதிகவியல் வினாத்தாளில் அலகு எழுத மறந்தால் நமக்குப் புள்ளிதான் குறையும். அங்கே ஒரு விண்கலமே போய்விட்டது.

இரண்டாவது பாடம் நமக்கு மிக அருகிலானது. பாக்கு நீரிணைக்கு அப்பால் இராமேஸ்வரத்தில், ஒரு படகுச் சொந்தக்காரரின் மகனாகப் பிறந்தவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். இந்தியாவின் எஸ்.எல்.வி–3 ஏவுகலத்தின் திட்டப் பணிப்பாளர் அவர். நான்கு கட்டங்களைக் கொண்ட அந்த ஏவுகலம் 1979 ஓகஸ்ட் 10இல் முதன்முறை ஏவப்பட்டபோது, ஒரு வால்வின் கோளாறினால் கடலில் விழுந்தது. குழு காரணத்தைத் தேடித் திருத்தியது. 1980 ஜூலை 18இல் ரோகிணி செய்மதி சுற்றுப்பாதையை அடைந்தது. எத்தனையோ பகுதிகள் சரியாக இருந்தும், ஒரு சிறு வால்வு முழுமையின் விதியைத் தீர்மானித்ததை அந்த முதல் ஏவல் காட்டுகிறது.

எங்கள் கிணறு

விண்வெளிக்குப் போகாமலே யாழ்ப்பாணத்தில் இப்பாடத்தைக் கற்கலாம். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லில் தேங்கும் மழைநீரே எங்கள் நன்னீர். அது உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே வரும். ஒரு வளவில் நல்ல கிணறு, அதே வளவில் நல்ல மலசலகூடக் குழி. கட்டியவர்கள் இரண்டையும் ஒழுங்காகவே கட்டினார்கள். ஆனால் வெடிப்பும் துளையுமுள்ள சுண்ணாம்புக் கல் இரண்டையும் நிலத்தடியில் இணைத்துவிடுகிறது. தோட்டத்துக்கு இடும் உரமும் அங்கேயே இறங்குகிறது. நிலத்தடி நீரில் நைத்திரேற்றுக் கூடியதற்கு இவை காரணங்களாகின்றன.

இதற்குத் தீர்வாக இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். வயலுக்கு நீர் போதாமற் போகும் எனக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். பின்னர் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் என்பது அதன் கொள்ளளவு. அதற்கும் மின்சாரம் வேண்டும். எஞ்சும் கடும் உப்புநீர் கடலுக்கே திரும்பும். அந்தக் கடலை நம்பியும் மக்கள் வாழ்கிறார்கள். குழாயும் பம்பியும் மட்டுமல்ல, விவசாயியும் மீனவரும் இத்தொகுதியின் பகுதிகளே. முதலாவது படியான 'கேட்டறிதல்' ஏன் முதலாவதாக இருக்கிறது என்பது இதனால் எனக்கு விளங்கியது.

நமக்கு எங்கே வழி?

இலங்கையில் பல்கலைக்கழகப் பொறியியற் கல்வி 1950இல் கொழும்பில் தொடங்கி, 1964இல் பேராதனைக்குச் சென்றது. பின்னர் மொறட்டுவை, றுகுணு, ஒலுவில், கிளிநொச்சி அறிவியல் நகர் என்று பீடங்கள் பெருகின. அங்கெல்லாம் குடிசார், மின், இயந்திரம் என்று ஒரு துறையைத் தேர்ந்துதான் கற்க வேண்டியிருக்கிறது.

"பொம்பிளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? ரீச்சர் வேலைக்குப் படிக்கச் சொல்லு" என்று உறவினர் ஒருவர் உம்மாவிடம் சொன்னார். உம்மா பதில் சொல்லவில்லை. உவர்க் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த என் உம்மாவிடம் இதுவரை எந்தத் திட்டக்காரரும் வந்து, "உங்களுக்கு எப்படித் தண்ணீர் வேண்டும்?" என்று கேட்டதில்லை. வீட்டில் தண்ணீரைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பவர் அவர்தான். கேட்கும் இடத்தில் ஒரு பெண் இருந்தால் அந்தக் கேள்வி விடுபடாது என்று நினைக்கிறேன்.

ஆகவே என் முடிவு இது. இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் இரசாயனவியலையும் இந்த வருடம் ஒழுங்காகப் படிப்பேன். இன்ஷா அல்லாஹ், இடம் கிடைத்தால் குடிசார் பொறியியலில் நீர் பற்றிக் கற்று, அதன்பின் தொகுதிப் பொறியியலுக்குப் போவேன். முதலில் ஒரு பகுதி, பிறகு பொருத்தும் இடம்.

வாப்பாவிடம் இதைச் சொன்னேன். கையில் இருந்த கிறீஸைத் துடைத்துவிட்டு, "அப்ப அளவு நாடா ஒண்டு உனக்கும் வேணும்" என்றார்.