டைட்டானியம் கலவைகள்: முதன்முறை கையாள்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணலை ஒரு கை அள்ளிப் பாருங்கள், கருப்பாக இருக்கும். கேரளத்துச் சவறாவிலும் இலங்கையின் புல்மோட்டையிலும் இதே கருமணல் உண்டு. அந்தக் கருமையில் பெரும்பங்கு இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு பிணைந்து கிடக்கும் கனிமம். 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் இப்படியொரு கருமணலில்தான் இந்தத் தனிமத்தைக் கண்டார். ஆனால் அதைத் தொழிற்சாலை அளவில் உலோகமாக்கும் வழிக்கு லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் காப்புரிமை பெற்றது 1940இல்தான்.

இடையில் ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஓடியதற்குக் காரணம், பிடித்த ஆக்சிஜனை டைட்டானியம் எளிதில் விடாது என்பதே. குரோல் முறையில் தாதுவைக் குளோரினோடு வினைபுரியவிட்டு டெட்ராகுளோரைடு என்ற திரவமாக்குகிறார்கள். பிறகு ஆர்கான் வாயுவுக்குள், 800 டிகிரிக்கு மேல், உருகிய மெக்னீசியத்தோடு அதைச் சேர்க்கிறார்கள். கிடைப்பது துளைதுளையான ‘ஸ்பாஞ்ச்’. அதை வெற்றிடத்தில் இரண்டு மூன்று முறை உருக்கினால்தான் கட்டியாகும். விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இந்த நீண்ட பாதையே பதில்.

இந்த ஆக்சிஜன் பசியை மறக்காமல் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் தானாகப் புரியும். டைட்டானியம் துருப்பிடிக்காததற்கும் வெல்டிங்கில் கெட்டுப்போவதற்கும் அதுவே காரணம்.

படி 1: எடை, வலிமை, விறைப்பு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்

ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியத்தின் எடை 4.5 கிராம். எஃகு 7.85, அலுமினியம் 2.7. மிக அதிகம் புழங்கும் டைட்டானியக் கலவையான கிரேடு 5இன் இழுவலிமை 900 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். சாதாரணக் கட்டுமான எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வலிமை, அதைவிட நாற்பது சதவீதம் குறைந்த எடை.

இதைக் கேட்டவுடன் எஃகுப் பாகத்தின் படத்தை அப்படியே எடுத்து, பொருளின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. பிசகுவது அங்கேதான். விறைப்பில் டைட்டானியம் எஃகில் பாதிதான். எஃகு 200 கிகாபாஸ்கல் என்றால் இது 110 சொச்சம். ஒரே அளவுள்ள இரண்டு தண்டுகளில் ஒரே பளுவைத் தொங்கவிட்டால் டைட்டானியத் தண்டு இரு மடங்கு வளையும். தகட்டை மடக்கும்போதும் கையை எடுத்தவுடன் பின்னுக்கு மீளும். ஆகவே ‘முறியுமா’ என்று பார்ப்பதற்கு முன்பே ‘எவ்வளவு வளையும்’ என்று கணக்குப் போடுங்கள்.

உருகுநிலை 1668 டிகிரி என்பதும் ஏமாற்றும். கிரேடு 5 கலவை நீண்டநாள் உழைப்பது ஏறத்தாழ 400 டிகிரிக்குள்தான். ஜெட் இன்ஜின்களுக்கென்றே உருவாக்கிய சில கலவைகள் 550, 600 வரை போகும். அதற்கு மேல் ஆக்சிஜன் உலோகத்துக்குள்ளேயே ஊடுருவி, மேற்பரப்பை நொறுங்கும் ஓடாக்கிவிடும். விரிசல் அந்த ஓட்டிலிருந்து தொடங்கும்.

படி 2: கிரேடு எண்களைப் படிக்கப் பழகுங்கள்

கிரேடு 1 முதல் 4 வரை கலவையே அல்ல, தூய டைட்டானியம்தான். இவற்றைப் பிரித்துக்காட்டுவது முக்கியமாக உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் அளவு. கிரேடு 1இல் உச்சவரம்பு 0.18 சதவீதம், கிரேடு 4இல் 0.40. இந்தச் சிறு வித்தியாசத்திலேயே குறைந்தபட்ச வலிமை 240இலிருந்து 550 மெகாபாஸ்கலுக்கு ஏறுகிறது, வளைந்துகொடுக்கும் தன்மை இறங்குகிறது. அழுத்தி வடிவமெடுக்கும் வெப்பமாற்றித் தகடுகளுக்குக் கிரேடு 1. ரசாயன ஆலைக் குழாய், தொட்டி என்றால் பெரும்பாலும் கிரேடு 2. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் பழக வேண்டியது இந்த இரண்டாம் கிரேடைத்தான் என்பது என் கருத்து.

கிரேடு 5 என்பது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்தது. பட்டறைகளில் ‘சிக்ஸ் ஃபோர்’ என்பார்கள். தூய டைட்டானியத்தின் அணுக்கள் 882 டிகிரி வரை ஆல்ஃபா என்ற அடுக்கிலும், அதற்கு மேல் பீட்டா என்ற அடுக்கிலும் இருக்கும். அலுமினியம் ஆல்ஃபாவையும் வனேடியம் பீட்டாவையும் பிடித்து நிறுத்தும். அறை வெப்பத்திலேயே இரண்டும் கலந்திருப்பதால் கிரேடு 5இன் வலிமையை வெப்பப் பதத்தால் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் நிலை எரிபொருள் தொட்டிகள் இந்தக் கலவைதான். விண்வெளித் தேவைக்காகவே சவறாவில் ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள ஸ்பாஞ்ச் ஆலை அமைந்தது.

கிரேடு 23 இதன் தூய்மையான வடிவம், எலும்பு முறிவுக்கும் மூட்டு மாற்றுக்கும் பொருத்தும் பாகங்களுக்கு. கிரேடு 9 மெல்லிய குழாய்களுக்கு. கிரேடு 7இல் சிறிது பல்லேடியம் சேர்ந்திருக்கும். அதன் பயன் அடுத்த படியில்.

படி 3: எந்தத் திரவம், எத்தனை டிகிரி என்று எழுதிவையுங்கள்

காற்றுப் பட்டதும் டைட்டானியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் படரும். கீறினால் உடனே மறுபடி வளரும். கடல்நீர் அதை ஒன்றும் செய்யாது. கடலோர மின்நிலையங்களின் கண்டென்சர் குழாய்களுக்கு டைட்டானியம் போடுவது அதனால்தான்.

ஆனால் தோல் வளர ஆக்சிஜனோ ஈரமோ வேண்டும். ஈரக் குளோரினில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் அதே குழாய், உலர்ந்த குளோரினில் தீப்பற்றி எரியும். செறிவான ஹைட்ரோகுளோரிக், சல்ஃபியூரிக் அமிலங்கள் தோலைக் கரைக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சிறிதளவு இருந்தாலும் போதும். ஃபிளாஞ்ச் இடுக்கு, கேஸ்கெட் அடி போன்ற புது ஆக்சிஜன் போகாத இடங்களில் சூடான உப்புநீர் தேங்கினால் கிரேடு 2 அரிக்கும். அங்கே கிரேடு 7 காப்பாற்றும்.

1966இல் அப்பல்லோ விண்கலத்தின் டைட்டானியத் தொட்டி ஒன்றை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஆபத்தான எரிபொருளுக்குப் பதில் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மெத்தனால் நிரப்பினார்கள். தொட்டி வெடித்தது. ஈரமில்லாத மெத்தனால், இழுவிசையில் இருக்கும் டைட்டானியத்தை விரிசலிடச் செய்யும் என்பது அதன் பிறகே உறைத்தது. கலவையைத் தேர்ந்தெடுக்கும்போது ஓடும் திரவத்தை மட்டும் எழுதாதீர்கள். சோதிக்கும் திரவம், கழுவும் திரவம் எல்லாம் பட்டியலில் வரட்டும்.

படி 4: லேத்தில் ஏற்றும்போது

கிரேடு 5இன் வெப்பக் கடத்தல் சாதாரண எஃகில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். வெட்டும்போது பிறக்கும் சூடு சுருளோடு வெளியேறாமல் டூல் முனையிலேயே தங்கும். ஸ்பீடைக் குறையுங்கள், ஃபீடைக் குறைக்காதீர்கள். கார்பைடு இன்செர்ட்டில் நிமிடத்துக்கு 40, 50 மீட்டரில் தொடங்கலாம். முனை கூர்மையாக இருக்கட்டும், கூலன்ட் தாராளமாகப் பாயட்டும். டூல் வெட்டாமல் நின்று உரசவே கூடாது. உரசிய இடம் இறுகி, அடுத்த வெட்டில் முனை போய்விடும்.

படி 5: வெல்டிங்

முழு கவனமும் இங்கே வேண்டும். டிக் வெல்டிங்தான் வழக்கம். எஃகுக்கு டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் போதும். டைட்டானியத்துக்குப் போதாது, ஏனென்றால் டார்ச் நகர்ந்த பிறகும் பின்னால் இருக்கும் தையல் சூடாகவே இருக்கிறது. ஏறத்தாழ 400 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை அது காற்றை உறிஞ்சும். ஆகவே டார்ச்சுக்குப் பின்னால் இன்னொரு ஆர்கான் மூடி தொடர வேண்டும். குழாயின் உட்பக்கத்தையும் ஆர்கானால் நிரப்ப வேண்டும்.

நிறம் உண்மையைச் சொல்லிவிடும். வெள்ளிபோல் பளபளத்தால் நல்லது. வைக்கோல் நிறத்தைப் பெரும்பாலும் ஏற்பார்கள். நீலம் வந்தாலே சந்தேகம். சாம்பல், வெள்ளைப் பொடி என்றால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். நிறத்தை பிரஷ்ஷால் தேய்த்து மறைப்பது பெரிய தவறு. நிறம் போகும், உள்ளே புகுந்த ஆக்சிஜன் போகாது.

சுத்தத்தில் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் பிளாக்பேர்ட் உளவு விமானக் கதை ஒன்று உண்டு. 1960களில் லாக்ஹீட் நிறுவனம் அதன் உடலை டைட்டானியத்தில் கட்டியது. கோடையில் ஸ்பாட் வெல்டிங் செய்த பாகங்கள் சீக்கிரம் பழுதாகின, குளிர்காலத்தில் செய்தவை நிலைத்தன. பாசி பிடிக்காதிருக்க நகரக் குடிநீரில் கோடையில் குளோரின் சேர்ப்பது வழக்கம். பாகங்களைக் கழுவியது அந்த நீரில். காய்ச்சி வடித்த நீருக்கு மாறிய பிறகே தொல்லை தீர்ந்தது. குளோரின் கலந்த கரைப்பான்களை டைட்டானியப் பக்கம் கொண்டுவராதீர்கள். எஃகில் தேய்த்த வயர் பிரஷ்ஷும் வேண்டாம். தனி பிரஷ், தனிக் கையுறை, தனி மேசை.

படி 6: சுருளும் தூசியும்

கட்டியாக இருக்கும் டைட்டானியம் பற்றாது. மெல்லிய சுருளும் கிரைண்டிங் தூசியும் பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் டைட்டானியம் நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை விடும், அது வெடிக்கும். நன்கு உலர்ந்த மணலாலோ, உலோகத் தீக்கென்றே விற்கும் தூளாலோ மூடி, தானாக அணையவிடுங்கள். அந்த மணல் வாளி இயந்திரத்துக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

தினமும் மாலையில் சுருளை அள்ளி, மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள். எஃகுச் சுருளோடு கலக்காதீர்கள். கிரேடு வாரியாகப் பிரித்துவைத்த சுத்தமான சுருளுக்கு நல்ல விலை உண்டு. எஃகு ஆலைகளுக்கான ஃபெரோடைட்டானியம் செய்ய வாங்குகிறார்கள்.